முதல் அட்வெந்து: நெல்லைச் சீமைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த மருமகள், மாற்றலாகி நாசரேத்துக்கோ வள்ளியூருக்கோ குடிவந்தவர், இந்த வருஷம்தான் கோயிலுக்கு வரத் தொடங்கியவர். இப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நவம்பர் முடியும்போது வீட்டு வாசல்களில் ஒவ்வொன்றாக ஸ்டார் ஏறும். பீடத்துத் துணி ஊதாவாக மாறும். வாலிபர் சங்கத்துப் பையன்கள் தபேலாவைத் தூசி தட்டுவார்கள். இதெல்லாம் எதற்கு என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும்.

கிறிஸ்துமஸுக்குக் காத்திருந்து ஆயத்தப்படுகிற நான்கு வாரம்தான் அட்வெந்து. புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கிறிஸ்துமஸ் ஷாப்பிங் காலம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பழையவர்களும் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

முதலில் தேதி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ணுங்கள். நான்காவதாக வருவதுதான் அட்வெந்து முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கு முன்னும் வராது, டிசம்பர் 3க்குப் பின்னும் வராது. நவம்பர் 30 அப்போஸ்தலன் அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் இருக்கிற ஞாயிறு என்று நினைவு வைத்துக்கொண்டாலும் சரிதான். திருச்சபையின் ஆண்டு தொடங்குவதும் அன்றுதான்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அட்வெந்து என்பார்கள், கத்தோலிக்கப் பங்குகளில் திருவருகைக் காலம். இரண்டு இடத்திலும் நிறம் ஊதா. கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த நாள்களில் வானவர் கீதம் ("உன்னதங்களிலே" என்று தொடங்குவது) பாடமாட்டார்கள், ஆனால் அல்லேலூயா உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் போல முழுத் துக்கம் இல்லை, பண்டிகையும் இன்னும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு மட்டும் குருவானவர் ரோஜா நிற உடையில் வருவார். அது மகிழ்ச்சி ஞாயிறு, டிசம்பர் 11க்கும் 17க்கும் இடையில் விழும். சேகர (போதகரின் பொறுப்பிலுள்ள பகுதி) அலுவலகத்தில் அடுத்த வருஷத்துச் சபைப் பஞ்சாங்கம் வந்துவிட்டதா என்று கேட்டு வாங்கி வையுங்கள். அன்றன்றைய வாசிப்புகள் அதில் இருக்கும்.

நான்கு வாரத்துக்கும் ஒரே ஆள்

பெத்லகேமுக்கு அவசரப்பட்டு ஓட வேண்டாம். இந்த நாள்களில், இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானனைப் பிடித்துக்கொள்ளுங்கள். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம், மூன்றாம் அதிகாரத்தின் பிற்பகுதி, லூக்கா மூன்றாம் அதிகாரம். இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

எருசலேமிலிருந்து ஆட்கள் வந்து அவரிடம் நீ யார் என்று கேட்கிறார்கள். "நான் கிறிஸ்து அல்ல" என்கிறார். நீர் எலியாவா? "நான் அவன் அல்ல." தீர்க்கதரிசியானவரா? "அல்ல." கேள்வி ஏற ஏறப் பதில் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆற்றங்கரையில் அவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்கிறது, பெயர் தேடிவருகிறது, மனிதர் தன்னைப் பற்றிப் பேச ஒரு வார்த்தைக்குமேல் செலவழிக்கவில்லை. வருகிறவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாய் திறக்கிறது: அவருடைய பாதரட்சையின் வாரை அவிழ்ப்பதற்கும் நான் பாத்திரன் அல்ல.

"அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்ற வசனத்தை இங்கே பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதை வாசிக்கிறவர்கள் அதற்கு முந்தைய வசனத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை. அதில் அவர் தன்னை மணவாளனுடைய தோழன் என்கிறார். மணவாளனின் சத்தத்தைக் கேட்டு மிகவும் சந்தோஷப்படுகிறேன், இந்தச் சந்தோஷம் எனக்குச் சம்பூரணமாயிற்று என்கிறார். நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழனைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டு போட்டோவிலிருந்து விலகி நிற்பான். மண்டபத்திலேயே அதிகமாகச் சிரிக்கிறவனும் அவனாகத்தான் இருப்பான். சிறுகுவது என்றால் முகத்தைத் தொங்கப்போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த வசனத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

இந்தச் சீமையின் பழைய சபைகள் பல ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியில் வளர்ந்தவை, 1947இல்தான் சி.எஸ்.ஐ. உருவானது. அந்தப் பழைய ஜெபப் புத்தகத்தில் அட்வெந்து நான்காம் ஞாயிறுக்கு இரண்டு வாசிப்புகள்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற பிலிப்பியர் பகுதியும், யோவான் "அல்ல, அல்ல" என்று சொல்லும் இதே பகுதியும். யாரோ யோசித்துத்தான் இரண்டையும் ஒரே நாளில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

நான்கு மெழுகுவர்த்தி போதும். ஒவ்வொரு வாரமும் ஒன்று கூடுதலாக ஏற்றுவது வழக்கம். கத்தோலிக்க வீடுகளில் மூன்று ஊதா, ஒன்று ரோஜா. இந்த வளையம் 1839இல் ஹாம்பர்க்கில் யோஹான் விஹெர்ன் என்ற போதகர் தன் விடுதியின் ஏழைப் பிள்ளைகளுக்காகச் செய்தது. கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். ஆகவே ஆயிரம் ரூபாய்க்குப் பிளாஸ்டிக் வளையம் வாங்காதீர்கள். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் மணல் பரப்பி, சவுக்குக் கொப்பு நாலைச் சுற்றி வையுங்கள். ஏற்றுவது வீட்டின் கடைசிப் பிள்ளையாக இருக்கட்டும்.

ஜெபம் பத்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு சங்கீதம், ஒரு பகுதி, ஒரு பாட்டு. அதற்குப்பின் ஒருவர் மாற்றி ஒருவர், அன்றைக்கு யார் தனக்கு நல்லது செய்தார்கள் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். "நான் இன்றைக்கு இதைச் செய்தேன்" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் யாருக்கும் வாய் வராது. மூன்றாம் நாள் பிள்ளைகள் பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர்வரை எடுத்துவிடுவார்கள்.

ஸ்டார் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. இது வடகிழக்குப் பருவமழைக் காலம். காகித ஸ்டார் ஒரே மழையில் தொங்கிப்போகும், அதைவிட மோசம் ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்குவது. சாரல் படாத இடத்தில் கட்டுங்கள். வயர் இணைப்பு வெளியே வந்தால் டேப் மட்டும் சுற்றி விட்டுவிடாதீர்கள்.

இரண்டு அங்கி

லூக்காவில் ஜனங்கள் யோவானிடம் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். பதிலில் பாட்டு இல்லை, உபவாசம் இல்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு, சாப்பாடும் அப்படியே. வரிவசூலிப்பவன் அதிகமாக வாங்காதே. போர்ச்சேவகன் மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு.

இதைச் செய்யத் தெரிந்துதான் செய்ய வேண்டும். கொடுக்கிற சேலையை டிசம்பர் 23 ராத்திரி கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர் அதைக் கட்டுவது பொங்கலுக்குத்தான். டிசம்பர் முதல் வாரம் தாண்டினால் தையற்கடைக்காரர் புதுத் துணியைக் கையில் தொடமாட்டார். அதனால் முதல் ஞாயிறுக்குள் கொடுத்துவிடுங்கள், ஜாக்கெட் தையற்கூலியையும் சேர்த்து. பழையது என்றால் பித்தான் தைத்து, இஸ்திரி போட்டு. உங்கள் பிள்ளை போட மாட்டேன் என்ற சட்டையை அவர்கள் பிள்ளை மட்டும் எதற்குப் போட வேண்டும் என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இதே கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஆள் ஒருவர் உண்டல்லவா, மதினியோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, அவரையும் இந்த வாரமே பாருங்கள். "பண்டிகை வருதுல்லா, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றால் போதும். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

பெயர் போடாமல் கொடுப்பது

எந்தக் கோயிலுக்குள் போனாலும் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறி இறக்கையில் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை, சில சமயம் வேலைபார்க்கும் நாடு. சுற்றும்போது யாராலும் வாசிக்க முடியாது, கரண்ட் போனால்தான் முழுசாகத் தெரியும். இந்தப் பழக்கத்தைத் திருத்த உங்களால் முடியாது, என்னாலும் முடியவில்லை. நீங்கள் கொடுப்பதை உறையில் வைத்து "கோயில் காரியத்துக்கு" என்று மட்டும் எழுதிப் பொருளாளரிடம் கொடுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளலாம். வாசித்து அறிவிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆராதனை முடிவில் மைக்கில் உங்கள் பெயர் வந்துவிடும்.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையாரின் அடக்கஸ்தலத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தவர், 1951இல் இறந்தார். கல்லறைக்கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்தார்கள். அதில் இருப்பது அவர்கள் அவரைக் கூப்பிட்ட பெயர் மட்டும்.

காசு இல்லை என்றால் வேலை இருக்கிறது. பண்டிகைக்கு முன் கோயிலைக் கழுவுவார்கள். மேடை ஜோடனைக்கு ஆள் நிறையச் சேரும். கழிப்பறைப் பக்கம் கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) தனியாக நிற்பார். புதிதாக வந்தவர் அந்தப் பக்கம் போய் "அண்ணாச்சி, வாளி எங்க இருக்கு?" என்று கேட்டால், அந்தச் சபையில் உங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிடும்.

கேரல் ரவுண்ட்ஸ்

இந்த ஊரில் விசுவாசத்துக்குச் சாட்சி என்றாலே பலருக்கு இதுதான். இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடுவது: வேனோ டிராக்டரோ, முன்னால் ஸ்டார், கிறிஸ்துமஸ் தாத்தா, கீபோர்டு, மைக். குழுவில் சேர உங்களைக் கூப்பிட்டால் போங்கள். நல்ல அனுபவம். ஆனால் சில விஷயங்களை முன்பே பேசி முடிவுசெய்யச் சொல்லுங்கள்.

ஒன்று, நேரம். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற வீட்டு வாசலில் ஸ்பீக்கரை அலறவிட்டால், அந்தத் தாய் சமாதானப் பிரபுவாகிய இயேசுவைப் பற்றி என்ன நினைப்பாள்? மைக்கே இல்லாமல் ஒரு கிட்டாரும் நாலு குரலும் போதும் என்பது என் கட்சி. வாலிபர் சங்கத்தில் இதற்கு ஓட்டு விழாது. குறைந்தபட்சம் தெருவுக்குள் நுழைந்ததும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், துக்க வீடு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் போட்டிருக்க மாட்டார்கள். குழு அதைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடுவது வழக்கம். தாண்டாதீர்கள். முந்தின நாளே ஒருவர் போய், "நாளைக்கு வரலாமா, சின்னதா ஒரு ஜெபம் மட்டும்" என்று கேட்டுவையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பெரும்பாலும் வாங்க என்பார்கள். இதை எழுதும்போது ஒரு வீடு நினைவுக்கு வருகிறது: தாத்தா இறந்த வருஷம், ஆச்சி தனியாக இருந்தார். கொட்டு மேளத்தைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் உட்பட ஆறேழு பேர் மட்டும் உள்ளே போனோம். பாட வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஆச்சியே பாமாலைப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டி இதைப் பாடுங்க என்றார். தாத்தா பாடுகிற பாட்டாம். இரண்டாம் சரணம் எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆச்சிதான் கொண்டுசெலுத்தினார். முடிந்ததும் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி. டம்ளர் பற்றாமல் செம்பிலும் மூடியிலும் ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு யார் யாருக்குச் சாட்சி சொன்னது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காணிக்கை விஷயம். உறையை வாசலில் வைத்துப் பிரிக்காதீர்கள், நோட்டில் தொகையை உரக்கச் சொல்லி எழுதாதீர்கள். கொடுக்க முடியாத வீட்டில் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடுவதும், மாடி வீட்டில் நாலு பாட்டுப் பாடுவதும் எல்லோர் கண்ணிலும் படும். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவுக்குள் வேன் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். சேகரத்து வரைபடத்தில் விட்டுப்போகிற தெரு ஏன் விட்டுப்போகிறது என்பதற்குச் சாதிதான் காரணம் என்று தெரிந்தால், புதியவராக இருந்தாலும் அதைப் போதகர் ஐயரிடம் தனியே சொல்லுங்கள். பணிவு என்பது அங்கே வாயை மூடிக்கொள்வதல்ல. யோவான் ஏரோது ராஜாவின் முகத்துக்கு நேரே பேசியவர்.

மூன்றாம் ஞாயிறு, 2023

அந்த வருஷம் மகிழ்ச்சி ஞாயிறு டிசம்பர் 17இல் வந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் அன்றைய நற்செய்தி, யோவான் "நான் மெசியா அல்ல" என்று சொல்லும் அதே பகுதி. அன்றைக்குத்தான் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பிளந்து கொட்டியது. மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் தண்டவாளத்தடியில் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்மக்கள், தங்கள் வீட்டிலேயே வெள்ளம் சூழ்ந்திருக்க, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

அவர்கள் யாரும் அட்வெந்து அனுசரித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு அங்கி வசனத்தை நாம் வாசித்துக்கொண்டிருக்கையில் அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தாரிடம் நம் விசுவாசத்தைப் பற்றிப் பேசப் போகுமுன் இது நினைவிருந்தால் குரல் தானாகத் தணியும்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். டிசம்பர் முதல் வாரத்தில் கேரல் பட்டியல் போடும்போதே, மழை வந்தால் யார் வீட்டுக்கு முதலில் தண்ணீர் வரும், தனியாக இருக்கிற முதியவர்கள் யார், சபை மண்டபச் சாவி யாரிடம், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) பயன்படுத்துகிற பெரிய அண்டாவும் அடுப்பும் எங்கே, தார்ப்பாய் எத்தனை என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டால் பாதி விவரம் அங்கேயே கிடைக்கும்.

பேசும்போது

ஆபீஸில் யாராவது, "நாலு வாரமா மெழுகுவர்த்தி ஏத்துறீங்களே, என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "ஏசு பிறந்த நாளுக்குக் காத்திருக்கோம், அதுவரைக்கும் வாரத்துக்கு ஒண்ணா வெளிச்சம் கூட்டிக்கிட்டே போவோம்." இவ்வளவுதான். மேலே கேட்டால் மேலே சொல்லலாம். பேதுரு எழுதியதிலும் வரிசை அப்படித்தான்: விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேட்காதவர் கையில் துண்டுப்பிரசுரம் திணிப்பதும், அவர்கள் சாமியைக் குறைத்துப் பேசுவதும் இதில் சேராது.

மேலப்பாளையத்து நண்பர் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டிருப்பார், எதிர்வீட்டு அக்கா தீபாவளிக்கு அதிரசம் தந்திருப்பார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு, முடிந்தால் முதலூர் மஸ்கோத் அல்வாவும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து அவர்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். நம் கதையைச் சொல்லக் கிளம்பிப்போய் அவர்கள் கதையைக் கேட்டுவிட்டு வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்தச் சீமையில் புராட்டஸ்டன்ட் சபை ஆரம்பித்ததே இப்படி ஒரு ஒற்றை ஆளிடமிருந்து. குளோரிந்தா என்ற விதவைப் பெண் 1778இல் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. பாளையங்கோட்டையில் அவர் கட்டுவித்த சிறிய ஆலயம் இன்றும் நிற்கிறது. ஊசிக் கோபுரத்தை (தூய திரித்துவப் பேராலயம்) பார்க்க வருகிற விருந்தாளிகளை அங்கேயும் கூட்டிப்போங்கள்.

கடைசி நாள்

டிசம்பர் 24 ஞாயிறாக விழுந்தால் காலையில் நான்காம் ஞாயிறு ஆராதனை, இரவில் கிறிஸ்துமஸ். 2023இல் அப்படித்தான் வந்தது. இடைப்பட்ட மணி நேரங்களில் ஊதாத் துணி இறங்கி வெள்ளை ஏற வேண்டும், குடில் முடிய வேண்டும். ஆள் பற்றாது, போய் நில்லுங்கள். நள்ளிரவா அதிகாலையா என்பது ஊருக்கு ஊர் மாறும். கத்தோலிக்கப் பங்குகளில் பெரும்பாலும் நள்ளிரவுத் திருப்பலி, மற்ற இடங்களில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் தேவைப்படாது, குடை தேவைப்படலாம். அன்றைக்கு மட்டும் வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களைப் பார்த்து "வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்தீங்களே" என்று கிண்டலடிக்காமல், மின்விசிறிக்கு அடியிலிருக்கும் நல்ல இடத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு வாசல் பக்கத்து பெஞ்சுக்கு வந்துவிடுங்கள். செருப்பை மட்டும் ஓரமாக விடுங்கள், கூட்டத்தில் மாறிப்போகும்.